கேட்டு வாங்காத தெய்வங்கள்

'அவதார்' படத்தில் கடைசிப் போருக்கு முன்பு ஜேக் சல்லி ஆன்மாக்களின் மரத்தடியில் உட்கார்ந்து, நாவி மக்களின் தெய்வமான ஏய்வாவிடம் உதவி கேட்கிறான். அருகில் வரும் நெய்த்திரி அவனைத் திருத்துகிறாள். எங்கள் பெருந்தாய் யார் பக்கமும் சேர்வதில்லை, உயிர்களின் சமநிலையை மட்டுமே காப்பாள் என்கிறாள். நாவி மக்களின் சமயம் முழுவதும் அந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடுகிறது. பிறகு போர் தொடங்குகிறது. நாவிகள் தோற்கப்போகும் தறுவாயில் காட்டு விலங்குகள் அத்தனையும் திரண்டு வந்து மனிதர்களின் படையை மிதித்துத் துவைக்கின்றன. ஏய்வா பக்கம் சேர்ந்துவிட்டாள், அரங்கில் விசில் பறக்கிறது. 2009 டிசம்பரில் வெளிவந்து உலக வசூலில் முதலிடம் பிடித்த படம் அது. ஓர் இனத்தின் இறைக்கொள்கை ஒரு சண்டைக்காட்சிக்காகத் தலைகீழானது, பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு உறுத்தவே இல்லை.

உறுத்தவேண்டிய இடம் அது என்று நினைக்கிறேன். கற்பனைக் கதைகளில் காட்டில் வாழும் மக்களைப் படைக்கும் எழுத்தாளர்கள் அவர்களுக்கு ஒரு சமயத்தையும் சேர்த்தே படைக்கிறார்கள். அது எப்போதும் இயற்கை வழிபாடாகவே இருக்கிறது: மரம், நீரூற்று, விலங்கு, மூதாதையர். இவற்றை அவர்கள் எங்கிருந்து எடுக்கிறார்கள்? உண்மையான காட்டு மக்களின் வழிபாட்டில் எதைச் சேர்த்துக்கொள்கிறார்கள், எதைக் கழித்துவிடுகிறார்கள்?

நம் ஊர்ப் பக்கம் அம்மனையும் அய்யனாரையும் பற்றிப் பேசும்போது, 'சாமி கேட்டு வாங்கிருச்சு' என்பார்கள். நேர்ந்துகொண்டதை மறந்தாலோ எல்லை மீறினாலோ தெய்வம் சும்மா இராது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. கோயில்காட்டில் சுள்ளி ஒடிக்கத் தயங்குவதற்கு அன்பு மட்டும் காரணமில்லை, பயமும்தான். கற்பனைக் காடுகளின் தெய்வங்களோ பெரும்பாலும் எதையும் கேட்பதில்லை. கொடுக்கின்றன, காக்கின்றன, இருட்டில் அழகாக ஒளிர்கின்றன. அவற்றைக் கும்பிடும் மக்கள் அதற்காக எதையும் இழப்பதில்லை. இந்த வகைப் படைப்புகளின் பெரிய பலவீனம் அதுதான். தப்பித்த சில படைப்புகள் காலம் தாண்டி நிற்பதற்கும் காரணம் அங்கேயே இருக்கிறது.

முதலில் மூலம். மேற்கத்தியக் கற்பனையின் வனசமயம் காட்டிலிருந்து வந்ததைவிட நூலகத்திலிருந்து வந்ததே அதிகம். ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி கி.பி. 77 வாக்கில் தம் 'இயற்கை வரலாறு' நூலில் கோல் நாட்டு துரூயிட் பூசாரிகளைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று எழுதினார். நிலவின் ஆறாம் நாளில் வெள்ளுடை அணிந்த பூசாரி ஓக் மரத்தில் ஏறித் தங்க அரிவாளால் புல்லுருவியை அறுப்பார், கீழே நிற்பவர்கள் அதைத் துணியில் ஏந்திக்கொள்வார்கள், பிறகு இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலியிடுவார்கள் என்பது அந்தக் குறிப்பு. துரூயிடுகள் தம் சமயத்தைப் பற்றித் தாமே எழுதிவைத்தது எதுவும் இல்லை. அதனால் வெளியாள் ஒருவர் எழுதிய இந்தச் சில வரிகளே பின்வந்தவர்களுக்கு வேதமாகிவிட்டன. 1976-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டில் துரூயிட் ஆட்டக்காரர்கள் ஏற்று நடிக்கும் பாத்திரமானது. அடுத்து வந்த விதிநூல்களில் புல்லுருவி அந்தப் பூசாரியின் புனிதப் பொருளாக நிலைத்தது. காளைகள் மட்டும் வரவில்லை.

அந்த விளையாட்டில் வரும் வன எல்ஃப்கள் என்ற கற்பனை மக்களுக்கு ரில்லிஃபேன் ரல்லத்தில் என்றொரு தெய்வம் உண்டு. வேர்களால் உலகத்து ஓக் மரங்களோடெல்லாம் பிணைந்த மாபெரும் ஓக் மரம் அவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்ட விதிப்படி பூசாரி காலையில் வேண்டினால் அன்றைக்குரிய மந்திரங்கள் அளவாகக் கிடைத்துவிடும், நியாயவிலைக் கடையில் அட்டைக்கு அரிசி போடுவதைப் போல. தெய்வம் பதில் சொல்லாத காலைப்பொழுது என்று ஒன்று அங்கே கிடையாது. விளையாட்டு நடக்கவேண்டுமே, அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த விதிநூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் பின்னால் நாவல்களும் கணினி விளையாட்டுகளும் எழுதியது. அந்தப் பழக்கம் அவற்றிலும் தொற்றிக்கொண்டது.

இன்னொரு மூலம் ஜேம்ஸ் பிரேசர். 1890-ல் வெளிவரத் தொடங்கிய அவருடைய 'பொற்கிளை' இத்தாலியின் நேமி ஏரிக்கரைத் தோப்பில் தொடங்குகிறது. அங்கே டயானா தெய்வத்தின் பூசாரி 'வனத்தின் அரசன்' எனப்பட்டார், அவரைக் கொல்பவரே அடுத்த பூசாரி. பயிரோடு செத்துப் பயிரோடு பிறக்கும் தெய்வ அரசன் என்ற கோட்பாட்டை பிரேசர் இதன்மேல் கட்டி எழுப்பினார். பிற்கால மானிடவியல் அந்தக் கோட்பாட்டைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. கற்பனை இலக்கியம் ஒதுக்கவில்லை. 'வார்ஹேமர்' விளையாட்டின் அத்தெல் லோரன் காட்டில் வன எல்ஃப்களின் அரசனான ஓரியன் ஒவ்வொரு குளிர்காலமும் சிதையேறி எரிந்து, வசந்தத்தில் மறுபடி பிறக்கிறான். பிரேசரின் அரசன் பிரிட்டன் விளையாட்டு நிறுவனமொன்றின் கைகளில் இன்னும் சாகாமல் இருக்கிறான். இங்கே ஒரு நல்லது உண்டு: அந்த அரசன் உண்மையாகவே எரிகிறான்.

மூன்றாவது, எட்வர்ட் டைலர். 1871-ல் அவர் எழுதிய 'தொன்மைப் பண்பாடு' எல்லாப் பொருளிலும் ஆவி இருப்பதாக நம்புவதைச் சமயத்தின் ஆரம்பப் படி என்றது. குழந்தைத்தனமான பிழை, மனிதன் வளர வளர உதிர்ந்துவிடும் என்பது அவர் கணிப்பு. 1983-ல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' படத்தின் ஈவோக்குகள் டைலரின் கண்ணால் பார்க்கப்பட்ட காட்டு மக்கள். வட கலிபோர்னியாவின் ரெட்வுட் காடுகளில் படமாக்கப்பட்ட எண்டோர் என்ற உலகத்தில் அந்தக் குட்டிக் கரடி மனிதர்கள் தங்கநிற ரோபோவைக் கடவுள் என்று விழுந்து கும்பிடுகிறார்கள். அதன் நண்பர்களை அதற்கே விருந்தாக வாட்டத் தயாராகிறார்கள். அங்கே பக்தி ஒரு நகைச்சுவை. இருபத்தாறு ஆண்டு கழித்து வந்த 'அவதார்' அதே மக்களை மூன்று மீட்டர் உயரமாக்கி, நீல நிறம் பூசி, அதே பக்தியைக் கண்ணீரோடு காட்டுகிறது. டைலர் குறையாகச் சொன்னது ஹாலிவுட்டுக்கு நிறைவாகிவிட்டது. சித்திரம் மாறவில்லை, மதிப்பெண்தான் மாறியது.

*

டோல்கீன் இந்த வரிசையில் உட்காரமாட்டார். 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முழுக்க மரங்கள். லோத்லோரியனின் பொன்னிலை மல்லோர்ன்கள், நடந்து பேசும் என்ட்கள், வெள்ளை மரம். ஆனால் எல்ஃப்களுக்குக் கோயில் கிடையாது, பூசாரி கிடையாது, பலி கிடையாது. எல்பெரெத் என்ற விண்மீன் அரசியை நோக்கிப் பாடுகிறார்கள், அவ்வளவுதான். உறுதியான கத்தோலிக்கரான டோல்கீன் 1953-ல் ராபர்ட் மர்ரே என்ற பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் காரணம் சொல்லியிருக்கிறார். நூல் அடிப்படையில் சமயத்தன்மை உள்ளது, அதனால்தான் வழிபாடு, சடங்கு போன்றவற்றின் தடயங்களைக் கிட்டத்தட்ட முழுவதும் விலக்கினேன் என்பது அதன் சாரம். போலிச் சமயம் ஒன்றைக் கட்டுவதற்கு அவர் கை கூசியிருக்கவேண்டும். அவருடைய உலகத்தில் பெரிதாகக் கட்டப்படும் கோயில் நூமெனோர் தீவில் தீயவனான சவ்ரோன் எழுப்புவது. அதன் பலிபீடத்தில் முதலில் எரிவது வெட்டி வீழ்த்தப்பட்ட நிம்லோத் என்ற வெள்ளை மரம். அதற்குப் பின் மனிதர்கள். மரத்தை வெட்டுவதும் மனிதனைப் பலியிடுவதும் ஒரே பாவத்தின் இரண்டு படிகள் என்று வாதமே செய்யாமல் காட்டிவிட்டார்.

டோல்கீனின் உண்மையான வனமக்கள் எல்ஃப்கள் அல்லர் என்பேன். ரோஹன் நாட்டுக்காரர்களால் விலங்குகளைப் போல வேட்டையாடப்பட்டு துரூவதான் காட்டில் ஒளிந்து வாழும் குள்ளமான மக்கள்தாம். காண்-புரி-காண் அவர்களின் தலைவன். முதன்மை நூலில் அவர்களுக்குச் சில பக்கங்களே. டோல்கீன் இறந்தபின் 1980-ல் வந்த 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்' தொகுப்பில் இந்த மக்களைப் பற்றிய சிறுகதை ஒன்று இருக்கிறது. அகான் என்ற மருத்துவன் நண்பனின் வீட்டுக்குக் காவலாகத் தன் உருவில் ஒரு கல் சிலையை வைத்துவிட்டுப் போகிறான். ஓர்க்குகள் என்ற கொடியவர்கள் வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். சிலை எழுந்து அவர்களில் ஒருவனை அடித்து வீழ்த்தி, தீயைக் காலால் மிதித்து அணைக்கிறது. திரும்பி வரும் அகானின் கால்கள் வெந்திருக்கின்றன. நீ செய்த பொருளில் உன் சக்தியைக் கொஞ்சம் வைத்தால் அதற்குப் படும் அடியிலும் உனக்குப் பங்கு உண்டு என்கிறான் அவன். டோல்கீன் எழுதிய எல்லாப் பாடல்களையும்விட இந்தச் சின்னக் கதையில் வனசமயத்தின் வாடை அதிகம்.

*

ஏய்வாவுக்குத் திரும்புவோம். படத்தில் விஞ்ஞானி கிரேஸ் அகஸ்டின் சொல்வதுதான் இங்கே முக்கியம். மரங்களின் வேர்களுக்கிடையே மின்வேதித் தொடர்பு இருக்கிறது, மூளையின் நரம்பிணைப்புகளைவிட அதிகமான இணைப்புகள், நாவிகள் அதற்குள் தகவலை ஏற்றவும் இறக்கவும் முடியும் என்கிறார். இறந்தவர்களின் குரலைப் பின்னல்முடி நுனியை மரத்தில் இணைத்துக் கேட்கலாம். ஆகவே ஏய்வா இருக்கிறாளா என்ற கேள்வி நாவிகளின் உலகமான பண்டோராவில் எழாது. அளவுகருவி போதும்.

படம் வந்ததும் வத்திக்கான் நாளேடான 'லொசர்வதோரே ரொமானோ' இயற்கையைத் தெய்வமாக்கும் போக்கு என்று முகம் சுளித்தது. 'நியூயார்க் டைம்ஸ்' பத்தி எழுத்தாளர் ராஸ் டௌதட், இயற்கையே இறைவன் என்னும் கொள்கைதான் ஹாலிவுட்டின் விருப்ப மதமாகிவிட்டது என்று எழுதினார். எதிர்ப்பக்கத்தில், பூமியைப் புனிதமாகக் காணும் புதிய ஆன்மிகத்தை ஆராயும் பிரான் டெய்லர் 2013-ல் இந்தப் படத்தைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரைத் தொகுப்பு கொண்டுவந்தார். திட்டியவர்கள், கொண்டாடியவர்கள் இருதரப்பும் அது ஒரு சமயம் என்று ஒப்புக்கொண்டே பேசினார்கள். நான் அந்த இடத்திலேயே தயங்குகிறேன். ஐயத்துக்கு இடமே இல்லாத ஒன்றை எப்படி நம்புவது? மழை பெய்கிறது என்று யாரும் நம்புவதில்லை, நனைகிறார்கள். நாவிகளிடம் இருப்பது நல்ல சூழலியல் அறிவு. அதற்கு மேல் பூசப்பட்ட பக்தி இசையமைப்பாளரின் வேலை.

பூமியின் மரங்களைப் பற்றியும் இதே ஆசை பரவியிருக்கிறது. கனடாவின் சூழலியலாளர் சூசன் சிமார்ட் 1997-ல் 'நேச்சர்' இதழில், பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் இடையே கரிமம் கைமாறுவதைக் காட்டினார். வேர்ப்பூஞ்சை வழியே மரங்கள் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது என்று அது மக்கள் மனத்தில் வளர்ந்தது. 2023-ல் ஜஸ்டின் கார்ஸ்ட் உள்ளிட்ட மூவர், இந்தக் கூற்றுகளில் பல கிடைத்த சான்றைவிட மிகவும் முன்னால் ஓடிவிட்டன என்று கள ஆய்வுகளை அலசி எழுதினார்கள். அறிவியலில் அது ஆரோக்கியமான சண்டை. ஆனால் காடு புனிதம் என்பதற்குப் பூஞ்சை சாட்சி சொன்னால்தான் ஆயிற்று என்ற மனநிலை வேடிக்கையானது. நாளைக்குச் சாட்சி பிறழ்ந்தால் கோடரி எடுக்கலாமா?

'அவதார்' இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனுக்கும் இது உறுத்தியிருக்கலாம். 2025-ல் வந்த மூன்றாம் படத்தில், எரிமலையால் வீடிழந்து, ஏய்வா வராததால் அவளைக் கைவிட்ட சாம்பல் மக்களைக் கொண்டுவந்தார். கூப்பிட்டபோது வராத தெய்வம்! அந்தக் கேள்வியில் ஒரு முழுப் படத்துக்கான பலம் இருந்தது. அதைக் கேட்பவர்களையே கொள்ளைக்காரர்களாக்கிவிட்டார்.

*

கூப்பிட்டும் தெய்வம் வராத தருணத்தில் உண்மையான காட்டு மக்கள் என்ன செய்கிறார்கள்? காலின் டர்ன்புல் 1950-களில் காங்கோவின் இத்தூரி காட்டில் எம்புட்டி மக்களோடு வாழ்ந்து, 1961-ல் 'வனமக்கள்' என்ற நூலை எழுதினார். எம்புட்டிகளுக்குக் காடு அப்பனும் அம்மையும். சாவோ பெருங்கேடோ வந்தால், காடு தூங்கிப்போயிருக்கிறது, அதனால்தான் பிள்ளைகளைக் கவனிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். உடனே மொலிமோ சடங்கு. இரவுகள்தோறும் பாடிக் காட்டை எழுப்புகிறார்கள். நல்லது நடந்தாலும் பாடுகிறார்கள், காடும் மகிழட்டும் என்று. அந்தச் சடங்கின், மொலிமோ என்றே பெயருள்ள புனித ஊதுகுழலைப் பார்க்க ஆவலோடு காத்திருந்த டர்ன்புல்லுக்கு ஓர் அதிர்ச்சி. செதுக்கிய மூங்கிலையோ மரத்தையோ எதிர்பார்த்தவர் முன்னால் சாலை வேலை நடந்த இடத்தில் கிளப்பிய இரும்புக் குழாயைக் கொண்டுவந்தார்கள். ஒலி நன்றாக வந்தால் போதாதா, எதில் செய்தது என்பதில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் நிலை. டர்ன்புல் அந்த மக்களை அளவுக்கு மீறி அழகுபடுத்தினார் என்று பின்வந்த ஆய்வாளர்கள் குறை சொல்வதுண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த இரும்புக் குழாயை அவர் மறைக்கவில்லை. ஒரு ஹாலிவுட் கலை இயக்குநர் அதை அனுமதித்திருப்பாரா?

இன்னும் பக்கத்தில் ஒரு சான்று உண்டு. நூரித் பேர்ட்-டேவிட் என்ற இஸ்ரேலிய மானிடவியலாளர் 1970-களின் இறுதியில் நீலகிரி மலைச்சரிவில் நாயக்கர் எனப்படும் வேட்டை, சேகரிப்பு மக்களிடையே தங்கி ஆய்வு செய்தார். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் காட்டுநாயக்கர் என்று இடம்பெறும் மக்களைச் சார்ந்தவர்கள் இவர்கள். காட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெற்றோராக அவர்கள் காண்பதை 1990-லும், ஆவி நம்பிக்கை என்ற பழைய கருத்தையே மாற்றி எழுதும் கட்டுரையை 1999-லும் வெளியிட்டார். இரண்டாவது கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. நாயக்கரின் தெய்வங்கள் ஆடுபவர்மேல் இறங்கி வந்து பேசும். பேச்சென்றால் அருள்வாக்கு மட்டுமல்ல. எங்களைச் சரியாகக் கவனிப்பதில்லை என்று அவை குறைபட்டுக்கொள்ளும். நீங்கள்தான் நோயை விட்டுவிட்டீர்கள் என்று மக்கள் திருப்பிக் கேட்பார்கள். கேலி, பேரம், சமாதானம் எல்லாம் உண்டு. யானை என்றாலே தெய்வமும் அல்ல. வீடுகளுக்கு நடுவே யாருக்கும் தீங்கு செய்யாமல் கண்ணைப் பார்த்து நடந்துபோன யானை தெய்வம், குடிசையை மிதித்துப்போனது வெறும் யானை. எல்லாவற்றிலும் உயிர் என்று டைலர் போட்ட கணக்கு இங்கே செல்லாது. கனடாவின் ஒஜிப்வே மக்களிடையே ஆய்ந்த இர்விங் ஹாலோவெல்லும் 1960-ல் இதையே பதிந்திருக்கிறார். கற்களெல்லாம் உயிருள்ளவையா என்று ஒரு முதியவரிடம் கேட்டபோது, எல்லாமும் இல்லை, சில உண்டு என்று பதில் வந்தது.

உறவுதான் இதில் மையம். எந்த உறவிலும் போலவே மனத்தாங்கல், கடன், பயம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. கற்பனை எழுத்தாளர்கள் அன்பை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே ஊற்றிவிடுகிறார்கள்.

*

ஊற்றாதவர்களும் இருக்கிறார்கள். எதிர்பாராத இடமொன்றிலிருந்து தொடங்குகிறேன். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' கணினி விளையாட்டுகளில் வேலன்வுட் காட்டில் வாழும் போஸ்மர் என்ற வன எல்ஃப்கள் வருகிறார்கள். இஃப்ரே என்ற தெய்வம் அவர்களுக்கு நிலையான உருவமும் காட்டின் பாதுகாப்பும் தந்தது. பதிலுக்கு ஓர் உடன்படிக்கை: வேலன்வுட்டின் எந்தச் செடிகொடிக்கும் தீங்கு செய்யக்கூடாது. இதுவரை எல்லோரும் எழுதுவதுதான். இந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் அதோடு நிற்காமல் அதன் கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்த்தார்கள். செடியைத் தொடக்கூடாதென்றால் காய், கீரை, தானியம் கிடையாது, முழுக்க முழுக்கப் புலால். மது வேண்டுமென்றால் இறைச்சியைப் புளிக்க வைக்கவேண்டும். புகையிலைக்குப் பதில் எலும்புக் குழாயில் புழுக்கள். போரில் வீழ்த்திய எதிரியை மூன்று நாளுக்குள் தின்று தீர்க்கவேண்டும், குடும்பத்தார் துணைக்கு வரலாம். அதனால் போருக்கு முன் பட்டினி கிடப்பதும் உண்டு. வெளிநாட்டார் வெட்டிய மரத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், பாவம் வெட்டியவனுக்கு. இந்தக் கடைசிச் சந்துதான் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டளை என்று ஒன்று இருந்தால் அதில் நுழைந்து வெளியேற ஒரு சந்தும் இருக்கும் என்பது எந்த நாட்டுச் சமயத்தையும் அறிந்தவருக்குத் தெரியும். மரத்தை நேசிக்கும் மென்மையான எல்ஃப் என்ற அலுத்துப்போன உருவத்தை இதற்கு மேல் யாரும் புரட்டிப்போட்டதில்லை.

ஜப்பானிய இயக்குநர் மியாசாக்கியின் 'பிரின்சஸ் மோனோனோகே' படம் 1997-ல் வந்தது. யாக்குஷிமா தீவின் பழங்காடு அதன் காட்சிகளுக்குத் தூண்டுதல். அதன் வனதெய்வம் பகலில் மான் உடலும் மனிதச் சாயல் முகமும் கொண்டது. அது கால் பதிக்கும் இடத்தில் புல்லும் பூவும் முளைத்து, கால் எடுத்ததும் வாடுகின்றன. கதாநாயகன் அஷித்தாக்காவின் குண்டுக்காயத்தை ஆற்றுகிறது, உயிரைத் தின்னும் சாபத்தை அப்படியே விட்டுவிடுகிறது. காட்டுக்காகப் போரிட்டு வரும் பார்வையற்ற முதிய பன்றித் தெய்வத்தின் உயிரை மெல்ல எடுத்துக்கொள்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. நெய்த்திரி வாயால் சொன்ன பக்கம் சேராத தெய்வத்தை மியாசாக்கி கண்ணால் காட்டினார். மனிதர்கள் அதன் தலையைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். கடைசியில் தலை திரும்பக் கிடைத்து, மலை மறுபடி பச்சைப்பிடித்தாலும், அந்தப் பழைய காடு போனது போனதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே உர்சுலா கே. லெ குவின் எழுதிய 'த வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்'. 1972-ல் ஒரு தொகுப்பில் வெளிவந்து, அடுத்த ஆண்டு ஹியூகோ விருது பெற்று, 1976-ல் தனி நூலானது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம், அந்தக் கோபம் நூல் முழுக்க உண்டு. மரமே மிஞ்சாத பூமியிலிருந்து மனிதர்கள் அத்ஷே என்ற காட்டுக்கோளுக்கு மரம் வெட்ட வருகிறார்கள். அங்கே ஒரு மீட்டர் உயரத்தில் பச்சை ரோமம் கொண்ட மக்கள். அவர்களுக்குச் சிலையில்லை, பலியில்லை, மரத்தைக் கும்பிடுவதுகூட இல்லை. விழித்தபடியே கனவு காணும் பயிற்சிதான் அவர்களின் சமயம். ஆண்கள் கனவு காண்கிறார்கள், ஊர்ப்பொறுப்பு பெண்களிடம். கனவுக்காலமும் உலகக்காலமும் அவர்களுக்குச் சம அளவில் உண்மை. கொலை என்பது அங்கே அறியப்படாதது.

மனைவியை மனித அதிகாரி ஒருவனின் வன்கொடுமையில் பறிகொடுத்த செல்வர் என்ற அத்ஷேயன், கனவிலிருந்து ஒரு புதிய செயலை உலகத்துக்குக் கொண்டுவருகிறான். கூட்டமாகச் சேர்ந்து மனிதர்களைக் கொல்வதுதான் அந்தச் செயல். இதுவரை இல்லாத ஒன்றைக் கனவிலிருந்து உலகுக்குக் கடத்துபவனே அத்ஷேயரின் மரபில் தெய்வம். ஆகவே முதிய கனவாளி ஒருவர் அவனைத் தெய்வம் என்று அறிவிக்கிறார். வெற்றி கிடைக்கிறது, மனிதர்கள் வெளியேறுகிறார்கள். ஆனால் கொல்லத் தெரியாத நிலைக்கு அத்ஷே இனித் திரும்பமுடியாது என்பது செல்வருக்குத் தெரிந்திருக்கிறது. தெய்வம் காப்பாற்றியது, அதற்கு அந்த மக்களின் குற்றமின்மையைக் கேட்டு வாங்கிக்கொண்டது. ஏய்வாவின் விலங்குப்படை எந்த விலையும் வாங்காமல் வந்துபோனதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கதைதான்: மரத்துக்கும் கனிமத்துக்கும் வரும் பூமிக்காரர்கள், எதிர்க்கும் வனமக்கள், இடையில் தவிக்கும் ஒரு விஞ்ஞானி. வேறுபாடு தெய்வத்தின் கணக்கில் இருக்கிறது.

லெ குவினின் தந்தை மானிடவியலாளர் ஆல்பிரட் குரோபர், தாய் தியோடரா கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் எஞ்சிய இஷியின் வரலாற்றை எழுதியவர். அந்த வீட்டில் வளர்ந்தவருக்குப் பழங்குடி என்பது அலங்காரமாக இருக்க வாய்ப்பில்லை. இன்னொன்றும் உண்டு. மலேசியாவின் செனோய் மக்களை வைத்துத்தானே எழுதினீர்கள் என்று ஓர் உளவியலாளர் பின்னால் அவரைக் கேட்டார். கனவை ஆளும் மக்கள் என்று கில்டன் ஸ்டூவர்ட் என்பவரால் புகழ்பெற்றவர்கள் செனோய்கள். லெ குவின் அதுவரை அவர்களைக் கேள்விப்பட்டதே இல்லை. 1985-ல் வில்லியம் டோம்ஹாஃப், ஸ்டூவர்ட் வரைந்த செனோய் கனவுக்கோட்பாட்டுக்கு அந்த மக்களின் வாழ்க்கையில் ஆதாரம் இல்லை என்று காட்டினார். ஆய்வு என்று வந்தது கற்பனையாகிவிட்டது, கற்பனை என்று எழுதியது இன்றும் நிற்கிறது.

*

கதைக்கு வெளியே இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒடிசாவின் நியமகிரியைச் சொல்கிறேன். அங்கே பாக்சைட் எடுக்க வேதாந்தா குழுமம் முனைந்தபோது, தங்கள் தெய்வமான நியமராஜா உறையும் மலை அது என்று டோங்ரியா கோந்த் மக்கள் எதிர்த்தார்கள். 2010 பிப்ரவரியில் 'சர்வைவல் இன்டர்நேஷனல்' அமைப்பு 'வெரைட்டி' இதழில் கேமரூனுக்கு வேண்டுகோள் விளம்பரம் கொடுத்தது: உங்கள் கற்பனைக் கதை இங்கே உண்மையில் நடக்கிறது, உதவுங்கள். உலகப் பத்திரிகைகள் 'உண்மை அவதார் மக்கள்' என்று எழுதின. உத்தி என்ற அளவில் பலித்தது, அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் கோந்த் மக்களின் சமயம் ஏய்வா வழிபாடு அல்ல. அவர்களின் மண்தெய்வம் இரத்தம் கேட்கும். இன்றும் எருமை, ஆடு, கோழி பலி உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் நரபலியை ஒழிக்கிறோம் என்ற பெயரில் பிரிட்டிஷ் படை அந்த மலைகளுக்குள் புகுந்தது. அது நாகரிகம் பரப்பிய கதையாகச் சொல்லப்பட்டதைப் பீலிக்ஸ் பேடல் தம் நூலில் திருப்பிப்போட்டு, வெற்றிகொள்ள வந்த ஆட்சி செய்த பலிகளைக் கணக்கெடுத்தார். இந்த முழு வரலாறும் 'நீல மனிதர்கள்' என்ற சட்டத்துக்குள் அடங்காது. அடங்காததால் பத்திரிகைகள் அதை விட்டுவிட்டன. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மென்மையான தெய்வத்தை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே மலை சொந்தம் என்று வந்துவிட்டால், எருமை வெட்டுபவர்களின் உரிமை என்னாவது?

நல்லவேளையாக உச்ச நீதிமன்றம் திரைப்படம் பார்த்துத் தீர்ப்பு எழுதவில்லை. 2013 ஏப்ரல் 18 அன்று, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, அந்த மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே முடிவுசெய்யட்டும் என்றது. உங்கள் சமயம் அழகானதா, அறிவியலுக்கு ஒத்ததா என்று அது கேட்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன.

தமிழிலும் மிகுபுனைவு எழுதும் இளைஞர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். மலையும் காடும் அவற்றில் தவறாமல் வருகின்றன, ஒளிரும் மரங்களும் வரத் தொடங்கிவிட்டன. அவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வனதெய்வம் என்ன கேட்கும், கொடுக்காவிட்டால் என்ன செய்யும் என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு பிறகு மரத்தை வரையுங்கள். வாசகர்களுக்கு: லெ குவினின் அந்தச் சிறிய நாவலில் தொடங்குங்கள், ஒரு விடுமுறை நாளுக்குள் முடித்துவிடலாம். 'அவதார்' அதற்குப் பிறகு பாருங்கள். படம் பார்க்க அழகாகவே இருக்கிறது.